நாகபந்தப் போர்வை

மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள். எங்கள் வளவில் இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே கொடிக்கயிறு. கயிற்றில் நீலமும் வெள்ளையுமாய் ஒரு பெரிய போர்வை. பக்கத்தில் கதிரை போட்டு என் வீட்டுக்காரர் கனகசபை இருக்கிறார், கையில் பூவரசங் கம்பு. காகம் கிட்ட வந்தால் எழும்பிக் கலைக்கிறார். கலைத்துவிட்டுப் போர்வையை மேலும் கீழும் ஒருதரம் பார்க்கிறார். பிறகு இருக்கிறார்.

பத்தடி தள்ளிப் பாயில் புழுக்கிய நெல் காய்கிறது. இவர் கலைத்த காகங்கள் அத்தனையும் அங்கே போய் ஆறுதலாகக் கொத்துகின்றன. அவற்றைக் கலைக்க ஆளில்லை.

"நெல்லையும் ஒருக்காப் பாருங்கோவன்," என்று குசினிக்குள் இருந்து சொன்னேன்.

"நெல் அடுத்த போகமும் விளையும்," என்றார். "இது விளையுமோ?"

இப்படி எழுதினால் கோபிக்க ஒரு வாசகி இருக்கிறார். எங்கள் எருமைக் கதையை எழுதியதற்கு நாலு பக்கத்தில் கடிதம் போட்டிருக்கிறார். கட்டின புருஷனை ஊர் படிக்கிற பத்திரிகையில் வைத்து இப்படிக் கிண்டல் பண்ணலாமா என்று கேட்கிறார். அம்மா, அந்த மனிதரோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள் நான். கிண்டல் பண்ணாமல் இருந்திருந்தால் நாலு வருடம் தாண்டியிருக்காது. இந்தக் கிழமை கொஞ்சம் கூடவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்கு பிரித்தது

இவர் குடாநாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. பின்னால் நாலு தங்கச்சிமார். எங்கள் பக்கத்துச் சீதன வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்த தங்கச்சியோடு வீடு போனது. இரண்டாவதோடு தோட்டக்காணி போனது. மூன்றாவதோடு பனங்காணி. நாலாவதோடு தாயாரின் நகை. கடைசியில் மிஞ்சியது ஓர் அலுமாரியும் அதற்குள் இருந்த இந்தப் போர்வையும்தான். அலுமாரியில் நாலாவது மாப்பிள்ளை ஒரு கண் வைத்திருந்தாராம். ஒரு காலைக் கறையான் அரித்திருந்ததைக் கண்டு விட்டுவிட்டார்.

காணியில்லாத ஆளாகத்தான் இவர் வன்னிக்கு வந்தார். குளத்தைக் கட்டி, காட்டை வெட்டி, குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுத்த காலம். ஒட்டுசுட்டானில் பஸ்ஸால் இறங்கி உள்ளே மூன்று கட்டை நடக்கவேண்டும். மூன்று ஏக்கர் வயல், கொஞ்சம் மேட்டுக்காணி, இரண்டு அறை வீடு. வீட்டுக்குப் பின்னால் காடு. காட்டுக்குள் யானை.

கலியாணம் முடிந்து நாங்கள் லொறியில் வந்து இறங்கிய அன்று பக்கத்து வளவுக் கந்தப்பர்தான் சாமான் இறக்க உதவினார். சட்டி பானை, நெல்லு மூட்டை, என்னுடைய கைத் தையல் மெஷின் எல்லாம் அவர் முதுகில்தான் இறங்கின. இவர் ஒன்றையும் தொடவில்லை. ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கந்தப்பரின் பெண்சாதி அதைக் கண்டு பச்சைப் பிள்ளையாக்கும் என்று நினைத்து, சீனித் தண்ணியோடு ஓடி வந்தாள். வந்தவள் என் காதுக்குள், "முந்தின தாரத்துப் பிள்ளையோ?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால் ஓம் என்றே சொல்லியிருக்கலாம்.

எழுத்து உள்ளுக்குள்ள

போர்வையை நான் குறை சொல்லமாட்டேன். எனக்குத் தையல் தெரியும், தெரிந்தபடியால்தான் சொல்கிறேன்.

இரண்டே நிறம். கடும் நீலம், வெள்ளை. உள்ளங்கை அளவு சதுரத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் மற்ற நிறத்தைக் கால் வட்டமாக வெட்டிப் பொருத்தியிருந்தது. வளைவில் துணி பொருத்துவது லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் சுருங்கும், மற்றப் பக்கம் இழுபடும். இதில் ஒரு சுருக்கம் கிடையாது. அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துத் தைத்ததில், நீலம் ஒரு மூலையில் புறப்பட்டு வளைந்து வளைந்து மற்ற மூலைக்குப் போனது. உள்ளே மெல்லிய பஞ்சு. மேலே முழுக்க அரிசி அளவில் நூலோட்டம். தையல் தெரிந்தவள் இதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் வாய் திறக்கமாட்டாள். நானும் முதல் நாள் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் இவர் பேசத் தொடங்கிவிட்டார்.

இவருடைய பாட்டனார் முருகேசர் மகா வித்துவானாம். கடல் கடந்து வந்த மிஷன்காரப் பெண்களை எங்கள் ஊரில் மிஸ்ஸியம்மா என்பார்கள். அந்த மிஸ்ஸியம்மாமாருக்குத் தமிழ் படிப்பித்தவராம். அவர்களில் ஒருத்தி குருதட்சணையாகத் தன் கையால் இதைத் தைத்துக் கொடுத்தாளாம். நீலம் வளைந்து போவது வெறும் வளைவு இல்லை, நாகபந்தம். பாம்புகள் பின்னிக் கிடப்பது போலக் கோடு கீறி, அதற்குள் எழுத்துகளை அடைத்துப் பாட்டுக் கட்டுவார்களே, அந்தச் சித்திரகவி. பாட்டனார் படிப்பித்ததை மிஸ்ஸியம்மா துணியில் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

"எழுத்தைக் காணேல்லையே," என்றேன்.

"எழுத்து உள்ளுக்குள்ள," என்றார்.

பாலபண்டிதர் சோதனைக்கு இவர் இரண்டு முறை இருந்து, இரண்டு முறையும் தவறியவர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வந்தவர்கள் கண்டது

மாதம் ஒருமுறை போர்வைக்கு வெயில் காட்டவேண்டும். அன்று வளவில் கால் வைத்தவர் எவரும் தப்பமுடியாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிடுவார்.

கந்தப்பர் அதைப் பார்த்த அன்று தலையைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். "இந்த வாய்க்கால் பிளான் ஆர் கீறினது?" என்றார். "இந்த வளைவுகளில தண்ணி நிண்டிடும் தம்பி. கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது."

திட்டத்தில் எங்களுடையதுதான் கடைசி வயல். இவருக்கு அது பிடிக்கவில்லை.

நாயாற்றில் இருந்து மீன் கொண்டுவருகிற மத்தலேனாக்கா கடகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தா. "விடியப்புறம் கரையில நண்டு ஓடின தடம் இப்பிடித்தான் கிடக்கும்," என்றா. "நல்ல வடிவு."

வடிவு என்று ஒருவர் வாயால் வந்துவிட்டால் இவருக்குப் பயம் பிடித்துவிடும். புகழவேண்டும் என்றுதான் கையைப் பிடித்து இழுத்து வருவார். புகழ்ந்துவிட்டால் நாவூறு. ஆள் படலை தாண்டியதும் எனக்கு வேலை வந்துவிடும். செத்தல் மிளகாய் மூன்று, ஒரு பிடி உப்பு, வந்தவர் மிதித்த மண் கொஞ்சம். மூன்றையும் கையில் பொத்திப் போர்வையை மூன்று தரம் சுற்றி, அடுப்பில் போடவேண்டும். நெடி அடித்தால் நாவூறு இல்லை, அடிக்காவிட்டால் இருக்கிறது என்பது கணக்கு. என் அடுப்பில் எப்போதும் நெடி அடித்தது. இருமி இருமிக் கண்ணீர் வடிய நான் குசினியால் வெளியே வருவேன். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு ஒரு நாளும் நாவூறு கழித்ததில்லை. என்னை ஒருவரும் வடிவென்று சொல்லவில்லை என்று நீங்கள் முடிவு கட்டவேண்டாம். ஒன்றிரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

யானை வந்த கதையையும் இதோடு சொல்லிவிட்டால் உங்களுக்கு ஆள் பிடிபடும். ஒரு விடியப்புறம் வாழைகளை முறிக்கிற சத்தம் கேட்டது. "எழும்பு, யானை," என்று கத்தினார். நான் எழும்பி விளக்கைத் தேடுவதற்குள் முன்கதவு திறந்து கிடந்தது. ஆளைக் காணவில்லை. அலுமாரியும் திறந்து கிடந்தது. கந்தப்பர் வீட்டு வாசலில் போய்ப் பார்க்கிறேன், பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். என்னைக் கண்டதும், "வந்திட்டியோ, நல்லதாப் போச்சு," என்றார். அதை மனதாரத்தான் சொன்னார்.

இரண்டு மணிக் குளிர்

மலேரியா நாட்டை விட்டே போய்விட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மருந்தடிக்கிறவர்களும் வருவதை நிறுத்தியிருந்தார்கள். செய்தி எங்கள் பக்கத்து நுளம்புகளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மாரிக்கு வீட்டுக்கு ஒருவர் விழுந்தார்கள். எங்கள் வீட்டில் நான். வயிற்றில் மூத்தவள், ஐந்து மாதம்.

எங்களுக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா என் கண் மடலை இழுத்துப் பார்த்துவிட்டு இவரைத்தான் பார்த்துச் சொன்னார்.

"குளிசையை நேரத்துக்குக் குடுங்கோ. குளிர் வரேக்க நல்ல மொத்தமாப் போத்திப் படுக்க விடுங்கோ. முதல் பிள்ளை. இப்பிடி நடுங்கிக்கொண்டு கிடந்தா வயித்தில தங்குமெண்டு சொல்லேலாது."

"ஓம் ஐயா," என்றார் இவர். வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை.

குளிசை பாதி வாந்தியில் போனது. காய்ச்சல் போகவில்லை. ஒன்றைவிட்ட ஒரு நாள், பின்னேரம் இரண்டு மணி. முல்லைத்தீவு பஸ்ஸும் அந்த நேரத்துக்குத்தான் வரவேண்டும். பஸ் வராது, குளிர் வரும். முதலில் நகக்கண் நீலமாகும். பிறகு பல் அடிக்கும். பிறகு கட்டிலே அசையும். வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா, நான் நடுங்குவதில் அசைவது போல் இருக்கிறதா என்று தெரியாது. அந்தப் பயம் குளிரை விடப் பெரியது.

இவர் என்னைப் போர்த்தினார். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். என் சேலை இரண்டு, அவருடைய வேட்டி, கலியாணத்துக்குப் போட்ட கோட்டு, அதற்கு மேல் நெல்லுச் சாக்கு நாலு. சாக்கின் ஓரத்தை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார். கண் கலங்கியிருந்தது. சாக்கில் எலி மணம். கழுத்தெல்லாம் உமி அறுத்தது. பாரம் இருந்ததே தவிர ஒரு துளி சூடு இல்லை.

ஆறடி தள்ளி அலுமாரி.

இரண்டாம் முறை குளிர் வந்தது ஒரு திங்கட்கிழமை. "இன்னும் குளிருதோ?" என்று கேட்டார். பல் அடித்ததில் பதில் வரவில்லை. எழும்பிப் போனார். அலுமாரிக் கதவு கிரீச்சென்றது. பூச்சி உருண்டை மணம் அறை முழுக்க வந்தது. நான் சாக்குக்குள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது வரை எண்ணியிருப்பேன். கதவு திரும்பவும் கிரீச்சென்றது. மூடுகிற சத்தம். வந்து ஐந்தாவது சாக்கைப் போட்டார்.

அன்று நான் அழுதேன். குளிருக்கு இல்லை.

கேட்டிருந்தால் தந்திருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன். நான் கேட்கவில்லை. கேளாமல் தரட்டும் என்று பிடிவாதமாகக் கிடந்தேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். என் தாயாரும் பிறகு அதைத்தான் கேட்டா. இவருக்குப் போர்வையில் வீம்பு, எனக்கு வாயில் வீம்பு. நடுவில் ஒரு பிள்ளை.

அவர் கதவை மூடியதற்குக் காரணம் இருந்தது. குடாநாட்டில் இருந்த வயதான ஒரு மிஸ்ஸியம்மா தங்கள் மிஷனின் பழைய வரலாற்றை எழுதுகிறா என்று கேள்விப்பட்டு, இவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். முருகேசர், குருதட்சணை, நாகபந்தம் ஒன்றையும் விடவில்லை. மிஸ்ஸியம்மாவும் உடனே பதில் போட்டுவிட்டா. அந்த வெள்ளிக்கிழமை மாங்குளத்தில் பாதை திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பதாக. அதுவரைக்கும் போர்வையில் வேர்வையோ வாந்தியோ படக்கூடாது.

கொடியில் கிடந்தது

நான் முதலில் சொன்ன காகக் காட்சி அந்தக் கிழமைப் புதன். வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தமாகப் போர்வைக்கு வெயில் காட்டினார். இரண்டு மணியாக நான் நெல்லையும் அடுப்பையும் விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாக்குக்குள் புகுந்துகொண்டேன்.

மத்தலேனாக்கா வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தா. திரும்பி வெளியே போனா. யன்னலால் எல்லாம் கேட்டது.

"தம்பி, உந்தப் போர்வை ஆருக்கு?"

"அது போர்க்கிற சாமான் இல்லை அக்கா."

"அப்ப உதுக்குப் பேர் என்ன?"

"போர்வை," என்றார்.

மத்தலேனாக்கா விடவில்லை. "எங்கட ஆக்கள் வள்ளம் வாங்கினா அதில கடலுக்குப் போவினம்," என்றா. கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டா. வழக்கமாகக் கூடப் போடுகிற சின்ன மீனை அன்று போடவில்லை. இவர் என்னிடம் வந்து, "உந்தச் சனத்துக்கு உதின்ர அருமை விளங்காது," என்றார். எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன மிஸ்ஸியம்மா வந்து சேர்ந்தபோது இரண்டு அடிக்கக் கிட்ட. கார் சேற்றில் புதைந்துவிட்டதாம். நான் தேத்தண்ணியை வைத்து, பயற்றம் பணியாரத்தைத் தட்டில் அடுக்கி, நகத்தைப் பார்த்தேன். நீலம். அறைக்குள் போய்விட்டேன். கதவுச் சீலையை விலக்கினால் கட்டிலில் கிடந்தபடியே வளவு தெரியும்.

உயரமான மனுஷி. தலை முழுக்க நரை, கையில் கறுத்தக் குடை. பண்டிதரிடம் படித்த தமிழ் அவாவுடையது. "ஐயா, தாங்கள் நலந்தானா?" என்றா. இவரும் பதிலுக்குப் புத்தகத் தமிழைத் தேடினார். வேலிக்கு அந்தப் பக்கம் கந்தப்பர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மற்ற நாளில் அந்த நேரம் அவர் வயலில் நிற்பவர்.

மிஸ்ஸியம்மா போர்வைக்கு முன்னால் போய் நின்றா. கண்ணாடியைப் போட்டா. ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தா. வளைவுகளில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தா. முதல் நாள் நான் எப்படிப் பேசாமல் நின்றேனோ அப்படி நின்றா. எனக்கு அவாவைப் பிடித்துப்போனது.

"மிக அழகு," என்றா கடைசியில். "இவ்வளவு நல்லதை நான் என் நாட்டிலும் அதிகம் கண்டதில்லை."

இவர் நெஞ்சு நிமிர்ந்தது. தொடங்கினார். நாகபந்தம் என்றால் என்ன, அட்டநாகபந்தம் என்றால் என்ன, பாட்டனாரின் புலமை என்ன. மிஸ்ஸியம்மா ஒரு சொல் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டா.

"தங்கள் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் இந்த மாதிரிக்கு எங்கள் நாட்டில் ஒரு பழைய பெயர் உண்டு."

"என்ன பேர் அம்மா?"

"குடிகாரன் பாதை," என்றா.

இவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். மிஸ்ஸியம்மா குடையை மடக்கி அதன் நுனியால் நீலத்தைத் தொடர்ந்து போய்க் காட்டினா.

"பாருங்கள். நேரே வீட்டுக்குப் போகத்தான் நினைக்கிறான். இங்கே திரும்பிவிடுகிறான். இங்கே தள்ளாடுகிறான். மதுவை எதிர்த்த எங்கள் பெண்கள் இதை நீலத்திலும் வெள்ளையிலும் நிறையத் தைத்தார்கள். பெட்டிகளில் இங்கேயும் வந்தன."

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தா. இவருடைய கடிதம் வந்ததும் மிஷனின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தாவாம். முருகேசு என்ற பெயரில் ஓர் ஆள்தான் இருந்தாராம்.

"தமிழ் வாத்தியார்," என்றார் இவர்.

"இல்லை ஐயா, வண்டிக்காரர். எங்கள் மாட்டு வண்டியை ஓட்டியவர்," என்றா மிஸ்ஸியம்மா, மிகவும் மரியாதையாக. "கள்ளை விட்டுவிடுவதாக அவர் மூன்று முறை வாக்குக் கொடுத்திருக்கிறார். முதல் முறை அவருக்கு ஓர் ஆடு கொடுத்தார்கள். அதை விற்றுக் குடித்துவிட்டார். இரண்டாம் முறை அரிசி கொடுத்தார்கள். அதையும் விற்றுவிட்டார். ஆகவே மூன்றாம் முறை அவருடைய மனைவி சின்னாச்சியின் கையில் இந்தப் போர்வையைக் கொடுத்தார்கள். இந்த வெப்பமான ஊரில் இதை வாங்க ஆளிருக்காது, ஆகவே விற்கமுடியாது என்று எழுதியிருக்கிறது. மார்கழிப் பனிக்கு அவளுக்காவது உதவட்டும் என்றும் எழுதியிருக்கிறது."

வேலிக்கு அந்தப் பக்கம் கந்தப்பருக்கு இருமல் வந்தது. நின்றபாடில்லை.

மிஸ்ஸியம்மா யாரையும் குத்திக்காட்டவில்லை. அவா முகத்தில் உண்மையான சந்தோசம். "வேறு எந்த வண்டிக்காரரைப் பற்றியும் இவ்வளவு எழுதவில்லை ஐயா," என்று வேறு சொன்னா.

இவர் கொப்பியை எட்டிப் பார்த்தார். கேட்டபோது குரல் சின்னப் பிள்ளையினுடையது மாதிரி இருந்தது.

"பிறகு விட்டிட்டாரோ அம்மா?"

"எதை?"

"கள்ளை."

மிஸ்ஸியம்மா கொப்பியைப் புரட்டினா. "நாலாம் முறை பற்றி ஒன்றும் இல்லை," என்றா. "விட்டிருப்பார் என்று நாம் நம்பலாம்."

சாக்குக்குள் நான் நடுங்கினேன். சிரித்தும் கிடந்தேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லமுடியாது. கட்டில் அடித்த சத்தம் வெளியே கேட்டிருக்கவேண்டும். மிஸ்ஸியம்மா, "வீட்டு அம்மா எங்கே?" என்று கேட்டுக்கொண்டு சீலையை விலக்கி உள்ளே வந்தா. என் நெற்றியில் கை வைத்தா. சாக்குகளைப் பார்த்தா. வாசலால் வெளியே கொடிக்கயிற்றைப் பார்த்தா. மறுபடி சாக்கைப் பார்த்தா. என் கால் பக்கம் விலகிக் கிடந்த சாக்கின் மூலையை எடுத்துக் காலுக்குக் கீழே செருகிவிட்டா. வெளியே போய்த் தேத்தண்ணியைக் குடித்து, பணியாரம் இரண்டு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டா.

இவர் அறை வாசலில்தான் நின்றார். அவா பார்த்த ஒவ்வொன்றையும் அவரும் பார்த்தார்.

மூன்று மிளகாய்

வேர்த்து முடிந்து நான் எழும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. போர்வை இன்னும் கொடியில். இவர் கதிரையில். பூவரசங் கம்பு நிலத்தில் கிடந்தது. போர்வையின் மேல் ஒரு காகம் வந்து குந்தியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், கலைக்கவில்லை.

குசினிக்குப் போய்ச் செத்தல் மிளகாய் மூன்றையும் ஒரு பிடி உப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கார் நின்ற இடத்தில் குனிந்து மண்ணும் எடுத்தேன்.

"மிஸ்ஸியம்மா நல்லாப் புகழ்ந்திட்டுப் போயிருக்கிறா," என்றேன். "நாவூறு கழிக்கட்டோ?"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வேண்டாம்," என்றார். "இனி உதில ஆர் கண் வைக்கப் போகினம்."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"எண்டாலும் நீங்கள் சொன்னது சரிதான். எழுத்து உள்ளுக்குள்ளதான் இருந்திருக்கு."

அவர் குனிந்து கம்பை எடுத்துத் தூர எறிந்தார். சொன்னதற்காகப் பிறகு வருந்தினேன். சொன்ன நேரத்தில் எனக்குக் காய்ச்சலே இல்லாத மாதிரி இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூத்தவள் சித்திரையில் முழுப் பிள்ளையாகப் பிறந்தாள். அவளைச் சுற்றி எடுத்ததும் அந்தப் போர்வையில்தான். மூத்திரம், பால், சோறு என்று அவளும் பின்னால் வந்தவர்களும் அதில் கொட்டாதது இல்லை. அதெல்லாம் பிறகு.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு நகம் நீலமானது. போய்ப் படுத்தேன். இவர் வழக்கம்போலச் சேலை, வேட்டி, கோட்டு என்று தொடங்கினார். சாக்கு வரும் என்று கழுத்தை மூடிக்கொண்டேன். அலுமாரிக் கதவு கிரீச்சென்றது. பூச்சி உருண்டை மணம் வந்தது. எண்ணத் தொடங்கினேன்.

நாலு எண்ணுவதற்குள் அது என் மேல் விழுந்தது. நினைத்த அளவு பாரம் இல்லை. தலை முதல் கால் வரை மூடி மடிக்கவும் இடம் இருந்தது. கழுத்தை ஒன்றும் அறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காலில் இருந்து சூடு ஏறத் தொடங்கியது. பல் அடிப்பது நின்றது. வயிற்றில் பிள்ளை திரும்பியது, இந்த முறை அவள்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. முகம் தெரியாத அந்தச் சின்னாச்சியை நினைத்தேன். எத்தனை மார்கழிக்கு இதற்குள் கிடந்து புருஷனைத் திட்டியிருப்பாளோ.

இவர் கட்டில் ஓரத்தில் இருந்து போர்வையின் விளிம்பை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தார். நீலத்தின் மேல் விரலை ஓடவிட்டுக்கொண்டு, "என்ன சொன்னாலும் நாகபந்தம் மாதிரித்தான் கிடக்கு," என்று தனக்குள் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"குளிர் குறைஞ்சுதோ?"

குறைந்துதான் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று தரம் கேட்கட்டும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.